எல்லோருக்கும்

தாம்பெரேயில் டிசம்பர்.
மூன்று மணிக்கே தெருவிளக்கு.
படங்களுக்கு வயது போடுவது என் வேலை.
செவ்வாய்க்கிழமை வந்தது ஒரு நாய்ப் படம்,
தொண்ணூற்று நான்கு நிமிடம், நகைச்சுவை.
'குடும்பத்தோடு கண்டு களிக்க' என்று
விநியோகஸ்தர் முன்கூட்டியே
தீர்ப்பெழுதி அனுப்பியிருந்தார்.

பேனாவைத் திறந்தேன்.

நான்காம் நிமிடம்:
நாய் கல்யாண மோதிரத்தை விழுங்குகிறது.
மூன்று பேர் அதன் பின்னாலேயே
பூங்காவில் நடக்கிறார்கள், கையில் சல்லடையோடு.
ஆபாசமா? இல்லை. அசிங்கம்தான்.
அசிங்கத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பதினொன்று:
பாதிரியாரின் கால்சட்டை கிழிகிறது.
குறித்துக்கொண்டேன்: உள்ளாடை, புள்ளி போட்டது, இரண்டு நொடி.

இருபத்தாறு:
சிந்திய பீரை நாய் நக்குகிறது.
நக்கிவிட்டு சவுனாவின் மேல்படி ஏறி
மேயரின் மடியில் குறட்டை விடுகிறது.
போதை என்ற கட்டத்தின் மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
நாயின் குடிக்கு யார் பொறுப்பு?

படத்தைக் கண்டால் படிவத்தைக் காணோம்,
படிவத்தைக் கண்டால் படத்தைக் காணோம்.
சிரித்ததில் இரண்டு கெட்ட வார்த்தை தப்பிவிட்டது.
திரும்ப ஓட்டிப் பிடித்தேன்.
ஒன்று கெட்ட வார்த்தையே இல்லை,
பக்கத்து வீட்டுப் பூனையின் பெயர்.

ஐம்பத்து மூன்று:
யாரும் விழவில்லை. எதுவும் உடையவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெட்ரோல் பங்க்.
அம்மாவின் கார் இந்தப் பக்கம்,
அப்பாவின் கார் அந்தப் பக்கம்.
பையன் நாயின் வாரை
ஒரு கையிலிருந்து வாங்கி
இன்னொரு கைக்குக் கொண்டுபோகிறான்.
பாதி வழியில் நாய் உட்கார்ந்துகொள்கிறது.
இழுக்கிறார்கள்.
நாலு காலும் தரையைப் பிடித்திருக்க
கழுத்துப்பட்டை காதுவரை ஏறி
முகமெல்லாம் சுருக்கம்.
இதுவும் சிரிப்புக் காட்சிதான்.
பின்னணி இசை அப்படித்தான் சொல்கிறது.

நிறுத்தினேன்.
காபி போட்டேன். குடிக்கவில்லை.

எங்கள் நாய் நாப்பி. பொத்தான் என்று பொருள்.
ஒற்றை வாரம் எனக்கு, இரட்டை வாரம் உர்ஹோவுக்கு.
மகள் வியெனோவுக்கும் அதே கணக்கு.
சூப்பர் மார்க்கெட் வாசலில்
தள்ளுவண்டிகள் அடுக்கிய கூரைக்குக் கீழே
ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.
நாங்கள் நாகரிகமானவர்கள்.
"ரோடு வழுக்குது, பாத்து ஓட்டு" என்போம்,
அவர் ஒரு முறை, நான் ஒரு முறை.

தனியாகப் பார்ப்பதுதான் என் வழக்கம்.
அன்று பள்ளிவிட்டு வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து
முதலிலிருந்து ஓட்டினேன்.
வயது எட்டு.
மோதிரத்துக்குச் சிரித்தாள்.
ஜட்டிக்கு சோபாவிலிருந்தே விழுந்தாள்.
ஐம்பத்து மூன்றில் நான் திரையைப் பார்க்கவில்லை.

வாயில் கம்பு ரொட்டி.
மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:
"அந்த நாய்க்குப் பெட்ரோல் பங்க் புடிச்சிருக்கு.
அங்கதானே ரெண்டு பேரும் இருக்காங்க."
அடுத்த மூச்சில்,
"அம்மா, அந்த ஜட்டிய இன்னொரு தடவ காட்டு."

காட்டினேன். மூன்று தடவை.

வன்முறை, இல்லை.
பாலியல், இல்லை.
போதை, இல்லை. (நாய் மட்டும்.)
அச்சம் என்ற கட்டத்தில்
யாருக்கு என்று கேட்டிருக்கவில்லை.
இல்லை என்றே போட்டேன்.
எல்லோருக்கும் என்று அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உர்ஹோ கேட்டார்:
"நாய்ப் படம் ஒண்ணு வருதாமே,
இவ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.
குழந்தையோட பாக்கலாமா?"
பாக்கலாம் என்றேன்.
குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது.
"ஐம்பத்து மூணாவது நிமிஷம் மட்டும்
நீ எந்திரிச்சுப் போய் காபி போடு."

அவருக்குப் புரியவில்லை.
நாப்பி நடுவில் உட்காரும் என்று
ஒரு நொடி நின்று பார்த்தேன்.
கதவு திறந்ததுதான் தாமதம்,
தாவி ஏறிவிட்டது.
அவர் காரில் எப்போதும்
சாசேஜ் வாசம்.